தூக்கிய விரல்

ஏப்ரல் 3, வியாழன்

பைப் கம்பெனிக்காரன் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. கோடு போட்டிருக்கிறானாம். பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால்தான் கோடு இருப்பதே தெரிகிறது. என் ஹார்டுவேர் கடையில் அவன் சரக்கு எவ்வளவு ஓடுகிறது, மைக்குச் செலவழிக்க மட்டும் மனசில்லை. டப்பா மேல் விலை எழுதுகிற தடிப் பேனாவைக் கடையிலிருந்து எடுத்து வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு டைரி சீசனுக்கு மட்டும்தான். விடிவெள்ளி கிரிக்கெட் கிளப், கோவில்பட்டி. செயலாளர் தளவாய். கேப்டன் தளவாய். முதலில் இறங்குகிற பேட்ஸ்மேன் தளவாய். பிட்சில் கயிற்று மேட்டை, அதாவது தேங்காய் நார்ப் பாயை, விரித்து ஆணி அடிப்பதும், தண்ணீர் கேன் சுமப்பதும், தலைமை ஆசிரியரின் கையைக் காலைப் பிடித்துப் பள்ளிக்கூட மைதானத்தை வாங்குவதும் அதே தளவாய்தான். இந்த வயதில் வேறு எவன் இத்தனையும் செய்கிறான்?

மாவட்ட லீக்கில் இந்த வருஷம் புதுச் சட்டம். முதல் டிவிஷனில் கடைசியாக வருகிற இரண்டு அணிகள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் நல்லா ஆடுகிற பையன்களைத் தூத்துக்குடிக்காரன் அடுத்த நாளே அள்ளிக்கொண்டு போவான். அதன் பிறகு விடிவெள்ளி என்கிற போர்டு மட்டும்தான் மிஞ்சும். நான் உயிரோடு இருக்கும்வரை அதை விட மாட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் ஆட்டம். தோல்வி.

ஒன்பது பேர்தான் வந்தார்கள். பங்குனித் திருவிழாவாம். ஒருவனுக்குப் பால்குடம், ஒருவனுக்குப் பெண்ணெடுத்த வீட்டில் விருந்து. எங்கள் வேகப் பந்துவீச்சாளன் கனிராஜ் போனையே எடுக்கவில்லை. சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. கயத்தாறு பக்கம் டென்னிஸ் பால் போட்டிக்குப் போயிருக்கிறான். முதல் பரிசு ஆட்டுக்கிடா. ஜெயித்து வந்திருந்தாலாவது போகட்டும் என்று விடலாம். அங்கேயும் அரையிறுதியில் தோற்றிருக்கிறான்.

காலையில் ஆணி அடிக்கும்போது சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தது. இரண்டு தடவை. பிடி தேய்ந்துவிட்டது. ஆணி அடிக்கிற வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. மேட்டை இழுத்துப் பிடித்து, ஓரம் முழுக்க ஆணித் தலை மண்ணோடு மண்ணாகப் புதைகிற மாதிரி அடிக்க வேண்டும். ஒரு ஆணி எழும்பி நின்றாலும் வம்புதான். நம்பி வந்து தானே அடிப்பதாகச் சொல்லிச் சுத்தியலைக் கேட்டான். நம்பி என் அக்கா மகன். அணியில் பேட்ஸ்மேன் என்று வாய் கூசாமல் சொல்லத் தகுந்த ஒரே ஆள். "உன் வேலையப் பாருல" என்று விரட்டிவிட்டேன்.

நான் மூன்று ரன்னில் போல்டு. பந்து போடுகிறவன் கைக்குப் பின்னால் புளிய மரம். அந்த நிழலுக்குள்ளிருந்து பந்து வந்தால் எவனுக்குத் தெரியும்? மரத்தைக் கழிக்கச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் மனு கொடுக்கப் போகிறேன்.

ஏப்ரல் 9, புதன்

தந்த நிறப் பெயின்ட் கேட்டவனுக்கு வெள்ளை டப்பாவைக் கொடுத்துவிட்டேனாம். பாதிச் சுவர் அடித்த பிறகு வந்து கடை வாசலில் நின்று கத்துகிறான். கம்பெனிக்காரன் டப்பா மேல் பெயரை எறும்பு மாதிரி அச்சடித்தால் நான் என்ன செய்வது? கம்பெனிக்குப் போன் போட்டு நன்றாகக் கொடுத்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தோல்வி. நெஞ்சில் பந்து பட்டு ரத்தம் கட்டியிருக்கிறது.

விளாத்திகுளத்துப் பையன் ஒருவன். மீசை கூட முளைக்கவில்லை. ஃபுல்டாஸ் போட்டான், தரையில் படாமல் நேரே நெஞ்சுக்கு வந்தது. ஃபுல்டாஸைத் தூங்குகிறவன்கூட அடிப்பான் என்று கனிராஜ் பின்னால் நின்று யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. அவன் கண்ணில் வெயில் அடித்ததா, என் கண்ணில் அடித்ததா? அந்தப் பையன் கை எந்தப் பக்கம் சுற்றியது என்றே தெரியவில்லை, எறிகிறான் என்று எனக்குச் சந்தேகம். அதையும் அடுத்த கூட்டத்தில் எழுப்புவேன்.

விழுந்த இடத்துக்கு நம்பி ஓடிவந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா பார்க்கிறாய் என்றால் ஒன்றுமில்லை என்கிறான். மைதானத்தை விட்டு வரும்போது வாய்க்கால் தாண்டுகிற இடத்தில் என் முழங்கையைப் பிடித்தான். உதறிவிட்டேன். நான் என்ன கிழவனா?

ஏப்ரல் 16, புதன்

பெண்டாட்டி கோமதி என் சர்க்கரை மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு பாட்டம் ஆடித் தீர்த்தாள். அதோடு விட்டாளா? கண் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டுமாம், சர்க்கரை இருக்கிறவர்களுக்குக் கண் போகுமாம், அவள் தம்பி மாமனாருக்குப் போனதாம். சீசன் நடுவில் ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் வாங்கி உட்கார எனக்கு நேரம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் விருதுநகர் பஸ்ஸை மதுரை பஸ் என்று நான் கை காட்டியதை இதற்குள் இழுக்கிறாள். பஸ்காரன் போர்டை விளக்குப் போட்டு எரிய விடுகிறான், பளபளவென்று கண் கூசுகிறது. அது என் குற்றமா?

ஏப்ரல் 20, ஞாயிறு

வெற்றி! நம்பி ஒற்றை ஆளாக நின்று ஜெயித்துக் கொடுத்தான். எனக்கு ரன் இல்லை. எல்.பி.டபிள்யூ. கொடுத்தார்கள்.

கொடுத்தது எங்கள் ஆள்தான். எங்கள் லீக்கில் அரையிறுதிக்குத்தான் வெளி அம்பயர் வருவார். மற்ற ஆட்டங்களுக்கு பேட்டிங் செய்கிற அணியே தன் ஆட்கள் இரண்டு பேரை அம்பயராக நிறுத்த வேண்டும். சொந்த அணி அம்பயர் விரலைத் தூக்கினால் அன்று மழை வரும் என்று பந்து போடுகிறவர்கள் கேலி செய்வார்கள். அதனால்தான் ஒன்றுமில்லாததற்கெல்லாம் தொண்டை கிழியக் கத்துவார்கள், கத்திவிட்டுப் போவார்கள். விடிவெள்ளியில் மட்டும் அந்த அயோக்கியத்தனம் கிடையாது. நான் வைத்த சட்டம். அவுட் என்றால் அவுட். அவுட் ஆனவன் நின்று முறைக்கக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். நின்று முறைக்கிறவனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

இன்று நான் கொஞ்ச நேரம் நின்றேன். அது வேறு. பந்து எங்கே பட்டது என்று அவனிடம் கேட்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

என் கிளப்பில், என் கடை மாடியில், நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, என்னைத் தூக்கிவிட்டார்கள்.

கூட்டம் போட வேண்டும் என்று நம்பிதான் கேட்டான். அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேச என்று நினைத்தேன். எல்லாரும் உட்கார்ந்ததும் அவன் எழுந்து, மாமா இனிமேல் பேட்டிங் இறங்க வேண்டாம், வெளியே இருந்து கிளப்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றான். கேப்டன் யார் என்றேன். கனிராஜ், "நம்பியே இருக்கட்டும்" என்றான். ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள்! காரணம் என்ன என்று நான் கேட்டேன்.

"ரன் வரல மாமா. அவ்வளவுதான்" என்றான் நம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு.

இவனுக்கு முதல் பேட் நான் வாங்கிக் கொடுத்தது. அவன் அப்பா மில் வேலைக்கு அனுப்பப் பார்த்தபோது அவர் காலில் விழாத குறையாகப் பேசி நிறுத்தியவன் நான். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கியவர்களில் ஒருவன் முகத்தையும் நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆட்டம். போகவில்லை. தோற்றார்களாம். நல்லது.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. நான் இல்லாமல் ஜெயித்துவிட்டார்கள். கடைக்கு வந்த பையன் ஒருவன் சந்தோஷமாகச் சொன்னான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும், என் கிளப். ஆனால் வயிறு எரிந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஒரே ஆறுதல், ஆணி அடித்தவன் சரியாக அடிக்காமல் மேட் சுருண்டு, ஆட்டம் பத்து நிமிஷம் நின்றதாம். படட்டும்.

மே 11, ஞாயிறு

தோல்வி. இனி ஒரே ஆட்டம். எட்டயபுரத்தை ஜெயித்தால் தப்பிப்போம், தோற்றால் இறங்குவோம். நான் இத்தனை வருஷம் பிடித்து வைத்திருந்த இடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொங்குகிறது.

மே 15, வியாழன்

நம்பி வீட்டுக்கு வந்தான். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். கோமதி உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள், இரண்டு பேரும் சமையலறையில் என்னவோ குசுகுசுவென்று பேசினார்கள். வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து பந்தலில் உட்கார்ந்தால் பையன்களுக்குத் தெம்பாக இருக்கும் என்றான். பந்தலில் உட்கார நான் என்ன கல்யாண வீட்டுப் பெரியவரா? வருகிறேன், ஆனால் ஆணி நான்தான் அடிப்பேன் என்றேன். அவன் கோமதியைப் பார்த்தான். பிறகு சரி என்றான்.

பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று அவன் போன பிறகு கோமதி சொன்னாள். கோபத்தில் இருக்கிறவனுக்கு எந்தப் பக்கம் பிடித்தால் என்ன?

மே 18, ஞாயிறு

இறங்கிவிட்டோம். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நாளைக்கு ஊர் என்னவெல்லாமோ சொல்லும். நடந்தது இதுதான்.

வெயில் ஏறுவதற்கு முன்பே போய் மேட்டை விரித்து நான்தான் ஆணி அடித்தேன். ஒவ்வொன்றாகக் கையால் தடவித் தடவி அடித்தேன். கடைசியில் அவசரப்படுத்தினார்கள். எட்டயபுரம் முதலில் ஆடியது. பிறகு நாங்கள். விக்கெட் மளமளவென்று சரிந்தது, நம்பி மட்டும் நின்றான். ஏழாவது விக்கெட்டும் விழுந்ததும், அம்பயராக நின்ற கனிராஜ் பேடு கட்டப் போக வேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லை. இருந்தவர்கள் எல்லாம் அவுட்டாகி எரிச்சலில் நிழல் தேடிப் போயிருந்தார்கள். நான் எழுந்து, அம்பயர் போடும் வெள்ளைக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

நம்பி பிட்சிலிருந்தே கத்தினான். "மாமா, நீங்க வேண்டாம். வேற யாராச்சும் வரட்டும்."

எட்டயபுரத்துக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும். பேட்டிங் பறித்தார்கள், கேப்டன் பதவி பறித்தார்கள், ஒரு அம்பயராக நிற்கக்கூட என் மேல் நம்பிக்கை இல்லையா? பதில் சொல்லாமல் போய் நின்றேன். வேண்டிய ரன் இருபதுக்கும் கீழே. நம்பி அறுபதைத் தாண்டியிருந்தான். எங்கள் பக்கம் எல்லாரும் ஜெயித்துவிட்ட மாதிரி விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பந்துவீச்சாளன் என்னைத் தாண்டி ஓடினான். கை சுற்றியது. டக்கென்று சத்தம். கீப்பரும் பக்கத்தில் நின்றவர்களும் கையைத் தூக்கிக் கத்தினார்கள். சத்தத்தில் சந்தேகமே இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் கேட்டிருக்கும். விரலைத் தூக்கினேன்.

கத்தியவர்களே ஒரு நொடி வாயடைத்துப் போனார்கள். நம்பி பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். நிற்கவில்லை, முறைக்கவில்லை, ஒரு வார்த்தை இல்லை. அதன் பிறகு இரண்டு ஓவர்தான். ஒன்பது ரன்னில் தோற்றோம்.

எட்டயபுரம் கேப்டன் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். சொந்த மருமகனை, அதுவும் இப்படி ஒரு நேரத்தில், அவுட் கொடுக்கிற மனுஷனை இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை என்றான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே கனிராஜ் பேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு என் எதிரில் வந்து நின்றான்.

"கேப்டன் பதவி போன கடுப்ப இப்படித் தீத்துக்கிட்டீகளே. நீங்க ஆரம்பிச்ச கிளப்ப நீங்களே கொன்னுட்டீக."

நம்பி அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

மே 19, திங்கள்

கடை திறக்கவில்லை. தலைவலி.

மே 21, புதன்

அக்கா போன் செய்தாள். ஹலோ சொல்லவில்லை, அழுகைதான் முதலில் வந்தது. என் மகன் உனக்கு என்ன பாவம் செய்தான் என்றாள். நான் ஒரு முடிவு சொன்னால் அதில் மாமனும் கிடையாது மருமகனும் கிடையாது என்றேன். வைத்துவிட்டாள்.

பஜாரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பாதிப் பேர் என்னைத் தெய்வம் என்கிறார்கள். மீதிப் பேர், வஞ்சம் வைத்துக் கழுத்தை அறுத்தவன் என்கிறார்கள். அவர்கள் கடைப் பக்கம் வருவதில்லை.

மே 23, வெள்ளி

இன்றைக்குத்தான் மூச்சு வந்தது. நம்பியே டீக்கடையில் பையன்களிடம், பந்து பேட்டில் பட்டது, மாமா கொடுத்தது சரி என்று சொல்லியிருக்கிறான். கேட்டுக்கொண்டிருந்த கனிராஜ் வாயை மூடிக்கொண்டு எழுந்து போனானாம். பார்த்தாயா! எவன் எவன் என்னைப் பேசினானோ அவன் எல்லாம் இப்போது வாயில் மண்ணைப் போட்டுக்கொள்ளட்டும். அக்காவுக்கு நானாகப் போன் செய்ய மாட்டேன். அவள் செய்யட்டும்.

மே 26, திங்கள்

மாவட்டச் சங்கச் செயலாளர் தூத்துக்குடியிலிருந்து பேசினார். ஞாயிற்றுக்கிழமை லீக் நிறைவு விழா. அதில் எனக்குப் பொன்னாடையும் கேடயமும் தருகிறார்களாம், நேர்மையான ஆட்டத்துக்காக. அடுத்த வருஷம் எல்லா அணி அம்பயர்களுக்கும் நான் உதாரணமாம். இத்தனை வருஷம் மேடைக்குக் கீழே நாற்காலி எடுத்துப் போட்டவனுக்கு இப்போதுதான் மேடை. கோமதியிடம் வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போடச் சொன்னேன். கிளப் இறங்கிப் போனதற்குக் கேடயமா என்று கேட்டாள். இவளுக்கு என் சந்தோஷம் என்றால் ஆகாது.

மே 28, புதன்

கடைப் படியில் தவறி விழுந்தேன். முட்டியில் சிராய்ப்பு. படியின் விளிம்பு உடைந்திருக்கிறது, கொத்தனாரை வரச் சொல்ல வேண்டும். கோமதி போய்ப் பார்த்துவிட்டு வந்து, எந்தப் படியும் உடையவில்லை என்றாள்.

மே 29, வியாழன்

எட்டயபுரம் கீப்பர் ஜெபசிங் கடைக்கு வந்தான். கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு வேண்டும் என்றான். எடுத்துக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றான். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு வருகிறாயா என்று கேட்டேன். வருவேன் என்றான். பிறகு கல்லாப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணாச்சி, மனசு கேக்கல. அன்னைக்குப் பந்து பேட்டுல படல. ஒரு அடி தள்ளிப் போச்சு. வெளிய போற பந்த எட்டி அடிக்கப் போயி, பேட்டு முனை மேட்டு ஓரத்து ஆணியில தட்டுச்சு. அந்தச் சத்தம்தான்."

பிறகு ஏன் கத்தினாய் என்றேன்.

"எல்லாத்துக்கும் கத்துறதுதான அண்ணாச்சி. சொந்த அம்பயர், எப்படியும் குடுக்க மாட்டாருன்னுதான் கத்துறது. நீங்க வெரலத் தூக்குவீகன்னு யாரு நெனச்சா?"

நம்பியே பட்டது என்று சொல்லியிருக்கிறானே என்றேன். அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. "அவரு ஏன் அப்படிச் சொன்னாரு?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். பொய் சொல்கிறாய், வெளியே போ என்று கத்தினேன். வால்வை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மே 30, வெள்ளி

அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நம்பி இருந்தான். உன் பேட்டை எடு என்றேன். எதுக்கு மாமா என்றான். எடு என்றேன்.

பேட்டின் அடி முனையைக் கட்டைவிரலால் தடவினேன். ஒரு பள்ளம். வட்டம். நான் ஆணி விற்கிறவன், அந்தத் தலையை என் விரலுக்குத் தெரியும். மூன்று அங்குலம், என் கடைச் சரக்கு, நான் அடித்தது, நான் புதைக்காமல் விட்டது.

பேட்டில் பட்டது என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். என்னைத் தெய்வம் என்று ஊர் சொல்வதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தாயா என்று கேட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"விளாத்திகுளத்துப் பையன் போட்ட ஃபுல்டாஸ நீங்க நெஞ்சுல வாங்குனீகள்ல, நான் எதிர்ப் பக்கம்தான் நின்னேன். உங்க பேட்டு அசையவே இல்ல மாமா. பந்து வந்ததே உங்களுக்குத் தெரியல. அடுத்தது தலையில பட்டிருந்தா? அதான் எறக்க வேண்டாம்னு சொன்னேன்."

"அதக் கூட்டத்துல சொல்லியிருக்கணும்ல."

"எப்படிச் சொல்ல? தளவாய்க்குக் கண்ணு தெரியலன்னு ஊரு பூராம் சொல்றதுக்கா? மாமன முதுகுல குத்துனவன்னு எனக்குப் பேரு வரட்டும்னு விட்டுட்டேன். அத்தைக்கு மட்டும் சொன்னேன். நீங்க அம்பயரா வந்து நின்னப்பவும் தடுத்தேன். கேக்கல. பொறவு கனி உங்கள வாயில வந்தபடி பேசுனான். பட்டுச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சு போகும்னு சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தப் பேனா போதாது. நான் இவனுக்குப் பரிதாபப் பொருளாகிவிட்டேனா? இவனும் என் பெண்டாட்டியும் சேர்ந்து என்னைக் கைக்குழந்தை மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். கிளப் போச்சு, அவன் பெயர் போச்சு, எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு எனக்குப் பொன்னாடை வாங்கிக் கொடுக்கிறான். பேட்டைக் கீழே எறிந்துவிட்டு வந்தேன். வாசலில் கையைப் பிடிக்க வந்தான். உதறினேன்.

தெருவில் நடக்கும்போது, எது வீட்டு வாசல், எது சாக்கடை மூடி என்று காலால் தடவித் தடவித்தான் வந்தேன். பல மாதமாக அப்படித்தான் நடக்கிறேன். இதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

மே 31, சனி

கோமதி கஞ்சிச் சட்டையை நாற்காலியில் போட்டு வைத்திருக்கிறாள். அது வெள்ளையா தந்த நிறமா என்று எனக்குத் தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டு போய்ப் பொன்னாடையை வாங்கிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் என்னைக் கொல்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். எல்லா அணியும் வந்திருந்தது. கனிராஜின் இருமல் கேட்டது, எங்கேயோ பின்வரிசையில். என் பெயரைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். ஒரு நிமிஷம் மைக் கேட்டு வாங்கினேன்.

"அன்னைக்கு நம்பி அவுட் இல்ல. நான் நேர்மையாக் குடுக்கல, வஞ்சம் வெச்சும் குடுக்கல. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. சத்தத்தக் கேட்டுக் குடுத்தேன். அந்தச் சத்தமும் நான் ஒழுங்கா அடிக்காம விட்ட ஆணியில பட்ட சத்தம்" என்றேன்.

கைதட்டுகிறார்கள்! செயலாளர் மைக்கை வாங்கி, பார்த்தீர்களா, அண்ணாச்சிக்கு எவ்வளவு அடக்கம், மருமகன் பெயர் கெடக் கூடாது என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்றார். இன்னும் பலமாகக் கைதட்டல். ஜென்மத்தில் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்ததில்லை. ஒரு மனுஷன் உண்மையைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்க மாட்டார்களா? மைக்கைப் பிடுங்கினேன். கேடயத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"இதுல என்னவோ எழுதியிருக்கு. என் பேராத்தான் இருக்கும். எனக்குத் தெரியல. யாராச்சும் வந்து படிச்சுக் காட்டுங்க" என்றேன்.

கைதட்டல் நின்றுபோனது. நான் கேடயத்தை மேஜை மேல் வைத்தேன். மேஜை அங்கே இல்லை. அது கீழே விழுந்து உடைந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

படியில் தடுமாறியபோது முழங்கையில் ஒரு கை பட்டது. யார் கை என்று பார்க்க வேண்டியதில்லை. அதையும் உதறிவிட்டுத்தான் இறங்கினேன். ஆனால் எங்கள் அணி வந்த வேன் வரைக்கும் அந்தக் காலடிச் சத்தம் பக்கத்திலேயே வந்தது. வேனில் ஏறியதும் கனிராஜ் எனக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து நம்பிக்கு இடம் விட்டான்.

ஜூன் 4, புதன்

மதுரை. கண் ஆஸ்பத்திரி. கோமதி, நான், நம்பி.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு இருட்டு அறையில் உட்கார வைத்தார்கள். சுவரில் எழுத்துப் பலகை. மேலே ஒற்றை எழுத்து, அதைப் படித்தேன். அதற்குக் கீழே எல்லாம் மேட் விரித்த மாதிரி ஒரே பழுப்பு. டாக்டர் சின்னப் பெண், நம்பி வயதுதான் இருக்கும். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று திட்டினாள். சீசன் என்றேன். என்ன சீசன் என்றாள். நம்பி பின்னால் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் பேசாதே என்றேன்.

இடது கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வலது கண்ணுக்கு ஊசி போட்டு, லேசர் வைத்து, இருப்பதைக் காப்பாற்றிப் பார்க்கலாம். பைக் ஓட்டக் கூடாது. ஆணி, சுத்தியல் தொடக் கூடாது. கிரிக்கெட் என்று கேட்டதற்கு அவள் மருந்துச் சீட்டை எழுதிக் கோமதியிடம் நீட்டினாள். கோமதி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் இரண்டு கண்ணும் தப்பியிருக்கும், கிளப்பும் தப்பியிருக்கும். புளிய மரம், பெயின்ட் கம்பெனி, பஸ்காரன் என்று ஒவ்வொருவர் மேலும் போட்டு வந்த கோபம் எல்லாம் திரும்பி வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டது.

கடைசியாக டாக்டர் என் வலது கண்ணை மூடச் சொன்னாள். இடது கண்ணுக்கு முன்னால் கையை நீட்டினாள் போலிருக்கிறது.

"எத்தனை விரல் தெரியுது?"

ஒன்றும் தெரியவில்லை என்றேன். இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தாள். மூக்குக்கு நேராக, பழுப்புக்குள் ஒரு கோடு மங்கலாக நிமிர்ந்து நின்றது.

"ஒண்ணு" என்றேன்.

அவ்வளவுதான், எழுந்திருக்கலாம் என்றாள்.

விரலைத் தூக்கிய பிறகு நின்று முறைக்கிறவனை எனக்குப் பிடிக்காது. கையை நீட்டினேன். நம்பி பிடித்துக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தேன்.